வெள்ளிக்கிழமை ஆட்டுக்கால்

சன்னலோரம் நீயே இருந்துக்க தாயி. எனக்குக் காத்து பட்டா மூக்கடைச்சிக்கிடும். நான் செட்டிகுளம் வரைக்கும்தான். ரஷ்யாக்காரங்க காலனி இருக்குல்லா, அந்தக் கேட்டுல. நீயும் அங்கதான் எறங்குதியா? அங்கயே வேலையா? அப்ப நல்லதாப் போச்சு. எங்க தாமரையப் பாத்துருப்ப. உசரமா இருப்பா, ஆனா சேலதான் கட்டுவா. இடுப்புல ஒரு பொம்பளப் பிள்ள இருக்கும். அந்தா, தெரியுங்கியே. அவ எம் மருமவ. பேரு தமாரா. எங்க தெருவுல ஒருத்தர் வாயிலயும் அது சரியா வரல, நாந்தான் தாமரைன்னு மாத்துனேன். அவ ஒண்ணும் சொல்லல. அவ எதுக்குத்தான் என்ன சொல்லிருக்கா.

கோவிச்சிட்டு வந்துட்டாளோன்னு நெனைக்காத. நீ கேக்கல, ஆனா கேக்குதவங்க இருக்காங்க. அவ வேலைக்கு வந்துருக்கா. அந்த நாட்டுப் பிள்ளையளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்க ஆளு வேணும்னு கூப்பிட்டாங்க, வந்தா. பாளையங்கோட்டையில இருந்து தெனமும் வந்து போக முடியுமா, நீயே சொல்லு. அதான் இங்கயே ஒரு ரஷ்யாக்காரப் பொம்பளகூடத் தங்கிக்கிட்டா. எம் மவன் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போயிப் பாத்துட்டு வாரான். எனக்கும் தெனமும் போன் போடுதா. சாப்பிட்டீங்களா அத்தை, மாத்திரை போட்டீங்களா அத்தை. அம்புட்டுத்தான் கேப்பா. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு சண்ட கெடையாது. ஒரு குரல் ஒசந்தது கெடையாது.

எம் மவன் இசக்கிராஜன் டாக்டருக்குப் படிக்க அந்த ஊருக்குப் போனான். படிப்போட இவளையும் கூட்டிட்டு வந்து நிக்கான். நான் அழுதேன், இல்லன்னு சொல்லல. எங்க வீட்டுக்காரரு ஒரு வாரம் மாடிய விட்டுக் கீழ எறங்கல. ஆனா வந்தவ நம்ம ஊரு மருமவளுவ மாதிரி இல்ல தாயி. காலையில எந்திரிச்சு வாசத் தெளிப்பா. எங்க வீட்டுக்காரருக்குச் சக்கர வியாதி, அவருக்கு அளந்து அளந்து வைப்பா. தமிழும் எங்கிட்டதான் படிச்சா, அதனால எம் பேச்சு மாதிரியேதான் பேசுவா. ‘அந்தானிக்கு’ம்பா, ‘என்னத்தச் சொல்ல’ம்பா. ரோட்டுல போறவங்க நின்னு திரும்பிப் பாப்பாங்க.

அவளுக்குன்னு ஒரே ஒரு ஆச. வாரத்துல ஒரு நாளு அடுக்களையை அவகிட்ட விட்டுரணும். அவங்க ஊருச் சாப்பாடு செய்வா. மொதல்ல எனக்கு ஒப்பல. பீட்ரூட்டப் போட்டு ஒரு சூப்பு வைப்பா, போர்ஷ்னு பேரு, சட்டி, கரண்டி, மேட எல்லாம் ரத்தக் களறியா இருக்கும். அதுல ஊத்தத் தயிரத் துணியில கட்டித் தொங்க விடுவா. சதகுப்பை தெரியுமா ஒனக்கு? பிள்ளப் பெத்தவளுக்கு நாம மருந்துக்குக் குடுப்போம்லா, அந்தச் செடியத் தொட்டியில வளத்து, எலையக் கிள்ளி எல்லாத்துலயும் தூவுவா. அன்னைக்கு நான் பேருக்கு ரெண்டு வாய் வச்சிட்டு, பொறவு போயி மோர ஊத்திச் சாப்பிடுவேன். அப்படியே நாளாக நாளாக எனக்கும் அந்தச் சூப்பு புடிச்சிப் போச்சு. அவகிட்ட நான் சொன்னதில்ல. மாமியா வாயால மருமவ சமையல நல்லாருக்குன்னு சொன்னா மேல கீழ ஆயிரும்னு ஒரு எண்ணம். முட்டாத்தனந்தான்.

கறிய உள்ள வச்சுச் சின்னச் சின்னதாக் கொழுக்கட்ட மாதிரி செய்வா. அன்னைக்கு நாங்க எல்லாரும் சுத்தி உக்காந்து புடிப்போம். எங்க வீட்டுக்காரரு மாடிய விட்டு எறங்கி வந்து புடிச்சதே அதுக்குத்தான். போன்ல படம் தெரியும்லா, அத எதுக்க சாச்சு வச்சிருப்பா. அதுல அவங்க அம்மா தெரிவாங்க. ரயீசான்னு பேரு. ஒத்தைக்கு இருந்தவங்க. புருசன் இல்ல, வேற பிள்ளையும் இல்ல. நான் புடிக்கிறதப் பாத்து அந்தம்மா என்னமோ சொல்லிச் சிரிக்கும். என்னட்டி சொல்லுதாங்கன்னு கேட்டா, ‘ஒங்க கையி எங்க அம்மா கைய விட வேகமா ஓடுதாம்’னு சொல்லுவா. நானும் சிரிப்பேன். எங்களுக்குள்ள இருந்த சம்பந்தப் பேச்செல்லாம் அம்புட்டுத்தான். ஒரு தடவ நேர்ல பாக்கல. நல்ல மனுசிதான். நல்ல மனுசி இல்லன்னு நான் சொல்லவே இல்லையே.

கல்யாணம் ஆயி அஞ்சு வருசம் பிள்ள இல்ல. நான் ஏறாத படி இல்ல. எங்க சாஸ்தா கோயில்ல நேந்துக்கிட்டேன், பிள்ள பொறந்தா ஒன் சன்னதியில மொட்டையடிச்சுக் காது குத்துதேன், கெடா வெட்டி ஊரக் கூட்டிச் சோறு போடுதேன்னு. மாயா பொறந்தா. ஒரு வயசு நெருங்கிச்சு. நாளு குறிச்சாச்சு, புதன்கெழம. பத்திரிகை அடிச்சாச்சு. எங்க வீட்டுக்காரரோட அக்கா, பிரமு மதினி, தூத்துக்குடியில இருந்து மூணு நாளு முன்னாலயே வந்து எறங்கிட்டாக. அவுகளப் பத்தி ஒனக்குத் தெரியாது. ரஷ்யாக்காரி வந்த அன்னைக்கே, ‘இந்த வீட்டுல இனி ஒரு நல்லது ஒழுங்கா நடக்காது’ன்னு சொன்னவுக. அவுக முன்னால தல நிமுந்து நடத்திக் காட்டணும்னு எனக்கு இருந்துச்சா இல்லையா?

திங்கக்கெழம சாயங்காலம் எம் மவனுக்குப் போன் வந்துச்சு. அவன் மொட்டமாடியில நின்னு அவங்க பாசையில பேசுனான். எறங்கி வந்தவன் மொகத்தப் பாத்தேன். தாமரையோட அம்மா செத்துப் போயிட்டாங்க. தூக்கத்துலயே. அங்க அவங்க பக்கத்து வீட்டுப் பொம்பள போன் போட்டுருக்கா. கைப்பிள்ளக்காரி, மொதல்ல புருசன்கிட்டச் சொல்லுவோம், அவன் பக்குவமாச் சொல்லட்டும்னு நெனச்சிருக்கா. மூணாம் நாளு அடக்கமாம். அவங்க ஊருல அப்படித்தானாம்.

அவன் நேர அவகிட்டச் சொல்லத்தான் போனான். நாந்தான் கையப் புடிச்சேன்.

நீயே சொல்லு தாயி. பெத்த தாய் செத்தா மவளுக்குத் தீட்டு. தீட்டுக்காரி சாஸ்தா சன்னதிக்குள்ள பிள்ளையத் தூக்கிட்டு வர முடியுமா? அஞ்சு வருச நேத்தி. பந்தக்காரன் வந்து கம்பு நட்டுட்டான். உள்ள மதினி உக்காந்துருக்காக. நம்மள்ல நடக்காததா இது? எங்க பெரியப்பா செத்தத எங்க அம்மைக்கு என் சடங்கு முடிஞ்சுதான் சொன்னாங்க. எத்தன வீட்டுல தாலி கட்டி முடியட்டும்னு சாவ மூடி வச்சிருக்காங்க. நான் அவன்ட்டச் சொன்னேன், ‘ஏலே, ஒரு ரெண்டு நாள் பொறுல. புதன்கெழம சாயங்காலம் நானே பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்’னு. ‘அடக்கத்துக்குப் போக முடியாம ஆயிரும்மா’ன்னான். ‘கைப்பிள்ளய வச்சிக்கிட்டு அம்புட்டுத் தூரம் எப்படிலே போவா, போனா மட்டும் உசுரு திரும்பி வந்துருமா’ன்னேன். நான் அழுதேன்னு வச்சிக்கயேன். பொறவு அவனே அந்தப் பொம்பளைக்குப் போன் போட்டு, நான் சொல்லிக்கிடுதேன், நீங்க அவகிட்டப் பேச வேண்டாம்னு சொல்லிட்டான்.

புதன்கெழம எல்லாம் நல்லபடியா நடந்துச்சு. ஒரு கொற கெடையாது. தாய்மாமன் மடியில வச்சுக் காது குத்தணும், மாமனுக்கு எங்க போக? எந் தம்பி மவன உக்கார வச்சோம். மாயா ஒரே கத்து. தாமரை அரக்குப் பட்டு கட்டிருந்தா. எல்லாரு கண்ணும் அவ மேலதான். மதினியே எங்கிட்ட வந்து, ‘பரவால்ல, லட்சணமாத்தான் வச்சிருக்க’ன்னாக.

நடுவுல அவ போன எடுத்து அவங்க அம்மாவக் கூப்பிட்டா. பிள்ள மொட்டத் தலையோட, காதுல கம்மலோட இருக்குததக் காட்டணும்னு. அடிச்சிக்கிட்டே இருந்துச்சு, எடுக்கல. மறுபடி போட்டா. நான் பக்கத்துலதான் நின்னேன். ‘தூங்குவாங்கட்டி, பொறவு போடு, பந்தியக் கவனி’ன்னு சொன்னேன். சரி அத்தைன்னு போன இடுப்புல சொருகிட்டுப் போனா. பந்தி நடக்கும்போது இன்னொரு தடவயும் போட்டா. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? ஏதாவது ஒண்ணு சொல்லித்தான ஆவணும்.

சாயங்காலம் சொன்னோம். நான் சொல்லல, அவனே சொல்லட்டும்னு விட்டுட்டேன். இன்னைக்குக் காலையிலதான் போனாங்களாம், இப்பத்தான் தகவல் வந்துச்சுன்னு சொன்னான். அது நாங்க பேசி வச்சிக்கிட்டதுதான். அவ பட்டுச் சேலையோட அப்படியே தரையில உக்காந்தா. அழுக வரல. ‘நான் அப்பத்தான கூப்பிட்டேன்’னு மட்டும் சொன்னா. ராவோட ராவா டிக்கெட் பாப்போம்னு எம் மவன் சொன்னான். அவ ரூமுக்குள்ள போயி யாருக்கோ போன் போட்டுப் பேசுனா. ரொம்ப நேரம் பேசுனா. வெளிய வந்து, டிக்கெட் வேண்டாம்னுட்டா. நான் கைப்பிள்ளய நெனச்சுத்தான் வேண்டாங்கான்னு நெனச்சேன். மனசு ஆறிச்சு எனக்கு. கும்புட்ட சாமி கைவிடலன்னு நெனச்சேன்.

அவங்களுக்கு நம்ம மாதிரி பதினாறு கெடையாது. நாப்பதாம் நாளுதான் பெருசு. அன்னைக்குத்தான் உசுரு வீட்ட விட்டு மேல போவுமாம். போறவங்களுக்குப் புடிச்சத ஆக்கி வச்சு, சுத்தி உக்காந்து சாப்பிட்டு அனுப்பணுமாம். அவ சாமி, கோயிலு, பூசாரின்னு பாக்குத ஆளு இல்ல. ஆனா இத மட்டும் செய்யணும் அத்தைன்னா. தாராளமாச் செய்யிட்டின்னேன். நாங்க சொன்ன கணக்குப்படி நாப்பது ஞாயித்துக்கெழம வந்துச்சு. நல்லதாப் போச்சு, எல்லாருக்கும் லீவு, நானே மதினிக்கும் நாலு சொந்தக்காரங்களுக்கும் சொல்லி விட்டேன். அவ அம்மாவ நாம மதிக்கலன்னு நாளைக்கு ஒரு சொல்லு வந்துரக் கூடாதுல்லா.

அதுக்கு முந்தின வியாழக்கெழம அவ ஆட்டுக்கால் வாங்கிட்டு வந்தா. ரெண்டு சோடி. காலையில ஏத்துன அடுப்பு, பொழுதடையத்தான் எறக்குனா. குக்கர்ல வையி, ஆறு விசிலுக்குப் பஞ்சா வெந்துரும்னேன். கலங்கிரும் அத்தைன்னா. தீயக் கண்ணுக்குத் தெரியாம எரிய விட்டு, நொரைய எடுத்துக்கிட்டே நின்னா. கொதிக்கவே விட மாட்டா. பொறவு எலும்புல இருந்து கறிய ஆய்ஞ்சு, தட்டத்துல பரத்தி, பூண்டத் தட்டிப் போட்டு, சாற வடிகட்டி மேல ஊத்திக் குளுருப்பொட்டியில வச்சா. ராத்திரியில அது கட்டியா ஒறஞ்சிரும். ஹொலதேத்ஸுன்னு என்னமோ பேரு. அதச் சுட வைக்கக் கூடாது, அப்படியே துண்டு போட்டு, அரச்ச கடுகத் தொட்டுத் திங்கணும். ‘எங்க அம்மாவுக்கு உசுரு’ன்னா. ஞாயித்துக்கெழமைக்கு இப்பவே ஒத்திக பாக்குதா போலன்னு நான் நெனச்சேன். வேற எப்படி நெனைக்க?

மறுநாளு வெள்ளிக்கெழம. அவ பிள்ளையத் தூக்கிட்டு, ஆத்தங்கர வரைக்கும் போயிட்டு வாரேன்னு போனா. அவங்க ஊருலயும் பெரிய ஆறு உண்டு, அந்த நெனப்பு வந்தா போவா. நான் வெளக்கு வெளக்கி, அடுக்களையக் கழுவி விட்டுக் குளுருப்பொட்டியத் தொறந்தா, ஆட்டுக்காலு. வெள்ளியும் அதுவுமா. எனக்கு என்னமோ போல ஆயிட்டு. ஞாயித்துக்கெழம வரைக்கும் இது கெடக்குமா, ஊசிரும்லா. பக்கத்து வீட்டு கிரேனாப் டீச்சர் வீட்டுக்காரரு வேற கால் முறிஞ்சு கட்டுப் போட்டுக் கெடந்தாரு. ஆட்டுக்கால் சூப்பு எலும்புக்கு எம்புட்டு நல்லது. நாம திங்காத நாளு, அவங்க வேதக்காரங்க, திங்கலாம். அதத் தூக்கிச் சட்டியில போட்டு உருக்குனேன். வெறும் உப்பும் பூண்டுமா இருந்துச்சு, நோயாளி வாயிக்கு எப்படி எறங்கும்? உள்ளியும் கருவப்பிலையும் தாளிச்சு, நல்லா மொளகு தட்டிப் போட்டேன். தூக்குவாளியில ஊத்தி நானே கொண்டு போயிக் குடுத்துட்டு வந்தேன். டீச்சர் ரொம்பச் சந்தோசப்பட்டா. நானும் சந்தோசமாத்தான் வந்தேன், பொய் சொல்லக் கூடாது. அடுத்தவ பொருள எடுத்துத் தருமம் பண்ணுத சந்தோசம் வேற என்னத்துல இருக்கு.

அவ மத்தியானம் வந்தா. வந்தவ வெறசலா வேலையப் பாத்தா. மேச மேல வெள்ளத் துணி விரிச்சா. அவங்க அம்மா போட்டாவக் கொண்டு வந்து வச்சா. கோதும அரிசிய அவிச்சுத் தேனும் திராச்சையும் போட்டுக் கெளறுனா. முட்டையும் பாலும் மைதாவும் கரைச்சுத் தாள் மாதிரி தோச தோசையாச் சுட்டு அடுக்குனா. மொதத் தோசையத் தனியா ஒரு தட்டுல எடுத்து அந்தப் போட்டா முன்னால வச்சா. எனக்கு ஒண்ணும் பிடிபடல. இல்ல தாயி, நெசமாவே பிடிபடல. கடைசியில குளுருப்பொட்டியத் தொறந்தா. தொறந்தவ மூடல. அப்படியே கதவப் புடிச்சிக்கிட்டு நின்னா.

நான் சொன்னேன், வெள்ளிக்கெழம பாரு, அதான் டீச்சர் வீட்டுக்குக் குடுத்துட்டேன், கால் முறிஞ்ச மனுசனுக்குப் புண்ணியமாப் போவும்னு. அவ செருப்ப மாட்டிக்கிட்டு டீச்சர் வீட்டுக்குப் போனா. போனாளே, அங்க அந்த மனுசன் கடைசி மடக்க டம்ளர்ல ஊத்திக் குடிச்சிக்கிட்டு இருந்துருக்காரு. நல்லாருக்கும்மான்னு இவகிட்டயே சொல்லிருக்காரு. வெறுந் தூக்குவாளிய வாங்கிட்டு வந்து, கழுவிக் கவுத்தி வச்சா. அதுக்குப் பொறவு மேசையில போயி உக்காந்து, அந்தத் தோசையில ஒண்ணப் பிச்சுப் பிள்ளைக்கு ஊட்டுனா. வேற யாரையும் சாப்பிடக் கூப்பிடல.

நான் பக்கத்துல போயி, ‘என்னட்டி இன்னைக்கே ஆரம்பிச்சிட்ட, நாப்பது ஞாயித்துக்கெழமல்லா’ன்னு கேட்டேன்.

அவ என்ன நிமுந்து பாத்தா. ‘ஆமா அத்தை. ஞாயித்துக்கெழம’ன்னா.

அம்புட்டுத்தான் சொன்னா. அப்பத்தான் எண்ணிப் பாத்தேன். திங்கக்கெழமையில இருந்து எண்ணுனா வெள்ளிக்கெழமதான் நாப்பது. அவ எண்ணிருக்கா. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. சாயங்காலம் எம் மவன் வந்தான், அவனத் தனியா இழுத்துட்டுப் போயி, நீ சொல்லிட்டியாலேன்னு கேட்டேன். அவன் என்னக் கேவலமாப் பாத்தான். சொன்ன அன்னைக்கே அவளுக்குத் தெரியும்மா, அவ ரூமுக்குள்ள போயி அவங்க அம்மாவோட பக்கத்து வீட்டுப் பொம்பளகிட்டத்தான் பேசிருக்கான்னு சொன்னான். திங்கக்கெழமையே ஒன் வீட்டுக்காரர்ட்டச் சொன்னேனேன்னு அந்தப் பொம்பள சொல்லிருக்கா. அந்தப் புதன்கெழம மத்தியானமே அடக்கம் முடிஞ்சிட்டுன்னும் சொல்லிருக்கா. அதக் கேட்டுட்டு வந்துதான் டிக்கெட் வேண்டாம்னுருக்கா. எம் மவன் மறுநாளே அவ கால்ல விழாத கொறையா மன்னிப்புக் கேட்டுட்டானாம். அவங்க ரெண்டு பேரும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, பாரேன். மாமியாக்காரி ஒருத்தி இருக்காளே, அவகிட்ட ஒரு வார்த்த சொல்லுவோம்னு தோணுச்சா?

சரி, அது போவட்டும். ஞாயித்துக்கெழம என்ன செய்வான்னுதான் எனக்கு நெனப்பு. வந்து எறங்குதது மதினி. இவ வாயத் தொறந்து, திங்கக்கெழமையே செத்தத மறச்சுட்டாங்க, தீட்டோடதான் சன்னதிக்கு வந்தேன்னு ஒரு வார்த்த சொன்னா எங் கதி என்ன? ஊருக்குள்ள தல காட்ட முடியுமா? தீட்டு வீட்டுல கெடா வெட்டி ஊருக்கே சோறு போட்டவன்னு பேரு ஆயிரும். மதினி சாவுத வரைக்கும் அதச் சொல்லிக் காமிப்பாக. சனிக்கெழம ராத்திரி நான் கண்ண மூடல. அவ அம்மாவ நெனச்சு இல்ல. என்னைய நெனச்சுத்தான். இத ஒங்கிட்டச் சொல்லுததுக்கு என்ன.

அவ சனிக்கெழம மறுபடியும் ஆட்டுக்கால் வாங்கிட்டு வந்தா. மறுபடியும் நாளு பூரா அடுப்பு முன்னால நின்னா. ஞாயித்துக்கெழம அதே வெள்ளத் துணி, அதே தேன் போட்ட கோதும, அதே தோச. எல்லாருக்கும் அவளே வெளம்புனா. மதினிக்கு அந்த ஆட்டுக்கால் கட்டியப் பாத்ததும் கொமட்டுச்சு, ஆனா தோசைய எட்டு எண்ணம் தின்னாக. தின்னுட்டு, ‘நாப்பதுன்னா சரியா இன்னையோடவா’ன்னு கேட்டாக. அவுக சும்மா கேக்குத ஆளு இல்ல. நான் செம்ப எடுத்து அவுக டம்ளர்ல தண்ணி ஊத்துனேன்.

தாமரை அவுகளப் பாத்து, ‘ஆமா பெரியம்மா, சரியா இன்னையோட நாப்பது’ன்னா. சொல்லிட்டு இன்னொரு தோசைய அவுக தட்டுல வச்சா.

எல்லாரும் போனதுக்குப் பொறவு அவ ஏனம் கழுவிக்கிட்டு இருந்தா. நான் பின்னால போயி நின்னேன். எனக்கு என்னமாவது சொல்லணும்னு இருந்துச்சு. எதச் சொல்ல? நல்லாச் செஞ்சட்டின்னேன். அத்தன வருசத்துல அவ சமையல நான் நல்லாருக்குன்னு சொன்னது அன்னைக்குத்தான்.

அவ திரும்பல. தேச்சிக்கிட்டே சொன்னா: ‘எங்க அம்மாவுக்கு நான் வெள்ளிக்கெழமையே வச்சிட்டேன் அத்தை. இன்னைக்கு வச்சது ஒங்களுக்கு.’

பைப்பு ஓடிக்கிட்டே இருந்துச்சு.

‘சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஒவ்வொரு நாளும் காலையில, இன்னைக்குச் சொல்லுவாங்க, இன்னைக்குச் சொல்லுவாங்கன்னு பாத்தேன் அத்தை’ன்னா.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘நவுருட்டி, மிச்சத்த நான் கழுவுதேன்’னேன்.

அவ கையத் தொடச்சிட்டுப் போயிட்டா. நான் எல்லா ஏனத்தையும் கழுவி முடிச்சேன். கழுவுனதையே மறுபடியும் கழுவுனேன். அதுக்கு அடுத்த மாசந்தான் இந்த வேல வந்துச்சு. நாந்தான் சொன்னேன்லா, கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. போறதுக்கு முன்னால அவ எங்க அடுக்களையில பீட்ரூட்ட வாங்கவே இல்ல. இட்லி, சாம்பாரு, புளிக்கொழம்பு. எல்லாம் அத்தன ருசியா வச்சா. வாரத்துல ஒரு நாளு அடுக்கள ஒனக்குத்தானட்டின்னு கேட்டேன். பரவால்ல அத்தைன்னுட்டா. அந்தப் ‘பரவால்ல’ இருக்கே தாயி, அதுக்கு என்னைய நாலு சாத்து சாத்திருக்கலாம். வஞ்சிருக்கலாம். மதினி முன்னால போட்டு ஒடச்சிருந்தா, நானும் பதிலுக்குப் பேசி, அழுது, மூணு நாளு பட்டினி கெடந்து, நாலாம் நாளு ரெண்டு பேரும் சேந்து சோறு தின்னுருப்போம். நம்மள்ல எல்லாம் அப்படித்தான தீரும். இவ எனக்குன்னு அடுப்புல நின்னு ஆக்கி வச்சிட்டால்ல, அத எங்க கொண்டு போயிச் செமிக்க.

தப்புன்னு நான் சொல்லல. அன்னைக்கு அந்த நெலமையில எவளா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பா. நீயே இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்ப. இல்லங்கியா? தலைய ஆட்டுதியா, ஆட்டலையான்னு தெரியல. சரி விடு.

ராதாபுரம் தாண்டியாச்சா? காத்தாடியெல்லாம் தெரியுதே. நான் இந்த பஸ்ஸுல மொத தடவ வரல. போன மாசமும் வந்தேன். அதுக்கு முன்னாலயும் வந்தேன். எம் மவனுக்குத் தெரியாது, வீட்டுக்காரருக்குத் தெரியாது, கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வருவேன். மொத தடவ அந்தக் கேட்டுல பஸ் நின்னப்ப அவளே தெரிஞ்சா. வேலிக்கு அந்தாண்ட, பிள்ளையக் கையில புடிச்சு நடத்திட்டுப் போனா. மாயா நடக்குதா தாயி. நல்லா நடக்குதா. கண்டக்டர் எறங்குங்கம்மா எறங்குங்கம்மான்னான். நான் எந்திரிக்கல. டிக்கெட்டுக்கு மேல காசு குடுத்து அஞ்சுகிராமம் வரைக்கும் போயி, அங்க ஒரு டீயக் குடிச்சிட்டு, திரும்பி வந்துட்டேன். போன தடவ, வெயிலு சாஸ்தி, தலச் சுத்தலு. அதான் எறங்கல. இன்னைக்கு எறங்கணும். எறங்கி என்ன சொல்லணும்னு வீட்டுல இருந்தே சொல்லிப் பாத்துக்கிட்டுத்தான் வாரேன். ரொம்ப இல்ல, ரெண்டே வார்த்த. ஒங்கிட்ட இம்புட்டையும் சொல்லிட்டேன், ஆனா அந்த ரெண்டு வார்த்தைய இன்னும் நான் வாய விட்டுச் சொல்லலையே, பாத்தியா.

அந்தா விசிலு ஊதுதான். கேட்டு வந்துட்டு. நீ எந்திரி தாயி, பைய எடுத்துக்க, பாத்து எறங்கு. நானா? நீ முன்னால எறங்கு. எனக்கு முட்டு கொஞ்சம் புடிச்ச மாதிரி இருக்கு. நான் இப்படியே போயி அடுத்த ஸ்டாப்புல எறங்கி, நெழலா ஆட்டோ புடிச்சு வந்துருவேன். நெசமாத்தான் சொல்லுதேன், வந்துருவேன். நீ உள்ள அவளப் பாத்தியன்னா, என்னைய பஸ்ஸுல பாத்தத மட்டும் சொல்லிராத. நானே பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்.